சரம் வேண்டாம் என்றேன்

எங்கள் ஊரில் பியானோ கிடையாது. நான் பியானோக்காரன் ஆனதற்கு அதுதான் காரணம். இருந்திருந்தால் என்னைவிட நன்றாக வாசிக்கிற நாலு பேர் அங்கேயே கிளம்பியிருப்பார்கள். நான் இந்நேரம் அப்பாவைப் போல ஏதாவது பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்திருப்பேன். எங்கள் வேதக்கோயிலில், அதாவது சர்ச்சில், ஒரு கால்மிதி ஆர்கன் இருந்தது. பாதிக் கட்டைகள் அமுங்காது, மீதி அமுங்கினால் எழாது. எழாத கட்டையைச் சுண்டுவிரலால் நெம்பிக்கொண்டே கீர்த்தனை வாசிக்கிற வித்தை எனக்குத் தெரியும். ஜெர்மனிக்குப் போய் இருபத்திரண்டு வருடமாகிறது, இதுவரை எவரும் அதை வாசித்துக் காட்டச் சொன்னதில்லை.

ஆனால் ஊரில் எனக்கிருந்த பேர் ஆர்கனால் வந்ததில்லை. காதால் வந்தது. ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சுற்றியிருக்கிற மானாவாரிக் காடுகளில் எல்லாம் பட்டாசுக் கம்பெனி. மேற்கே ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல்லுக்கு வெடி வைப்பார்கள். ஆகவே தூரத்தில் 'டொம்' என்று கேட்டால் அது இரண்டில் ஒன்று. குவாரி என்றால் கையில் இருக்கிற வேலையைத் தொடரலாம். கம்பெனி என்றால் வெளியே வந்து புகை எந்தத் திக்கில் எழும்புகிறது என்று பார்க்க வேண்டும், அந்தத் திக்கில் நம் ஆள் யார் வேலை பார்க்கிறார்கள் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

குவாரி வெடி தரை வழியாக வரும். முதலில் பாதத்துக்குத் தெரியும், அடுப்படியில் தட்டுகள் நடுங்கும், அப்புறம்தான் காது. கம்பெனி வெடி காற்றில் வரும். காதில் அறைந்துவிட்டுத்தான் மற்றதெல்லாம், பின்னாலேயே ஏதோ பொரிகிற சத்தம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். பதினைந்து வயதில் நான் இதைச் சொன்னால் சொன்னதுதான். பக்கத்து வீட்டில் ஒரு சித்தி இருந்தார். ரத்த உறவில்லை, கூப்பிடுகிற முறை அது. சத்தம் கேட்டால் கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வருவார்.

“ஏலே, குவாரியா, நம்மளா?”

நான் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, பெரிய வித்வான் போல இரண்டு நொடி காக்கவைத்துச் சொல்வேன். சரியாகத்தான் இருக்கும்.

ஒரு சனிக்கிழமை சரியாக இல்லை. நான் உள்ளே உட்கார்ந்து, கடனுக்கு வாங்கிய பொம்மைக் கீபோர்டில் எதையோ தட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் வந்தது. சித்தி வாசலில் வந்து கேட்டார். நான் தலையை மட்டும் திருப்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு. குவாரியில் வெடி வைக்கிற நேரம். “குவாரி, சித்தி” என்றேன். காதால் சொல்லவில்லை, கடிகாரத்தால் சொன்னேன். சித்தி போய் உலை வைத்தார். முக்கால் மணி நேரம் கழித்து ஆள் வந்து சொன்னபோது சோறு வடித்து முடித்திருந்தார். வெடித்தது கம்பெனியில் சித்தப்பா வேலை பார்த்த அறை. சித்தி சிவகாசி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவரை மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள். மதுரைக்குப் போய்ச் சேர்வதற்குள் அவரே இல்லை.

சித்தி என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. “சின்னப்பய, அவன் என்ன செய்வான்” என்றுதான் தெருவில் சொன்னார். நான் அதைச் சௌகரியமாக நம்பிக்கொண்டேன்.

பிற்பாடு வந்த பேட்டிகளில் எல்லாம் முதல் பாதியைச் சொல்லியிருக்கிறேன். வெடிகளைக் காதால் பிரித்தறிந்த அதிசயச் சிறுவன். கேட்கிறவர்கள் கன்னத்தில் கை வைத்துக்கொள்வார்கள். கடிகாரத்தைப் பற்றி ஒருவருக்கும் சொன்னதில்லை.

ஜெர்மனிக்குப் போனது ஒன்றும் வீரக்கதை இல்லை. சென்னையில் சில பரீட்சைகள் எழுதினேன், அங்கே ஒரு கல்லூரி இடம் கொடுத்தது, போனேன். படிப்பு முடிந்ததும் கிடைத்த முதல் வேலை ஒரு பாலே நடனப் பள்ளியில். எட்டு வயதுப் பெண்பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்குவார்கள், நான் நாலு நாலாக எண்ணி வாசிக்க வேண்டும். பதினோரு வருடம் நாலு நாலாகவே வாழ்ந்தேன். கடைக்குப் போனால் தக்காளியைக்கூட நாலு நாலாகத்தான் எடுப்பேன். இடையில் முதியோர் இல்லத்துப் பாட்டுக்குழு. ஒரு தடவை மெத்தைக்கடைத் திறப்பு விழா. ஜனங்கள் மெத்தையில் படுத்துப் பார்க்க, நான் ஓரமாக வாசிக்க வேண்டும். இரண்டு பேர் தூங்கியே போனார்கள். கடைக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் இசைக்குக் கிடைத்த நேர்மையான விமர்சனம் அதுதான். விசாவைப் புதுப்பிக்கப் போன இடத்தில் ஓர் அம்மாள், “இந்த நாட்டில் பியானோ வாசிக்கிறவர்களுக்கு என்ன பஞ்சமா?” என்று கேட்டார். எனக்கும் அதே சந்தேகம் இருந்தது.

அங்கே வருடக் கடைசி நாளில் ஊரே பட்டாசு வெடிக்கும். போன முதல் வருடம் எனக்கு அது தெரியாது. மாலை நாலரைக்கு, இருட்டத் தொடங்கும்போது முதல் சத்தம் கேட்டது. கையில் சோப்பு நுரையோடு பால்கனிக்கு ஓடிப் புகை எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். எதிர்வீட்டுக்காரர் கோப்பையை உயர்த்தி வாழ்த்துச் சொன்னார். நான் உள்ளே போய் அக்காவுக்குப் போன் போட்டு, “வீட்டுல எல்லாரும் இருக்கீகளா?” என்று கேட்டேன்.

இசையும் எழுதினேன். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கேட்கிற அளவுக்கு எழுதி அலமாரியில் வைத்திருந்தேன், உட்காரத்தான் ஆள் இல்லை. அப்போதுதான் ஓர் இசைவிழாவிலிருந்து கூப்பிட்டார்கள். என் மண்ணின் ஒலி வேண்டுமாம். நான் ஏழாயிரம்பண்ணை மினிபஸ்ஸின் ஹாரனைப் பற்றிச் சொன்னேன். வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். பட்டாசு என்றேன். நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொள்கிற சத்தம் கேட்டது.

பட்டாசை வைத்து நான் எழுதிய அந்தப் பியானோ இசை பதினெட்டு நிமிடம் வரும். பதினேழு நிமிடம் பெண்கள் காகிதக் குழாய் உருட்டுவது, பேசுவது, சாப்பாட்டுத் தூக்கைத் திறப்பது. நன்றாகவே எழுதியிருந்தேன். பதினெட்டாவது நிமிடத்தில் இரண்டு கையையும் மேலே தூக்கி, ஒரு நொடி நிறுத்தி, முழங்கை வரை மொத்தக் கையையும் அடிக்கட்டைகள் மேல் போட வேண்டும். டொம். முன்வரிசையில் ஒருவராவது “ஆ” என்பார். பதினோரு வருடம் நாலு நாலாக வாசித்தவனை இந்த ஒரு நொடி ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போனது. பதினேழு நிமிடத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை. முதல் தடவை எனக்கு அதில் கோபம் வந்தது. இரண்டாம் தடவை அந்த நொடியைக் கொஞ்சம் நீட்டினேன்.

என் அக்கா சிவகாசிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டு நர்ஸ். பதிவை அனுப்பினேன். மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டாள்.

“கேட்டேன்லே. மொதல்ல எல்லாம் நல்லாத்தான் இருக்கு. கடைசில வருதே, அது எந்த வெடி?”

“எந்த வெடின்னா?”

“எந்தக் கம்பெனி, எந்த வருசம்? எனக்கு ஒவ்வொண்ணும் பெட் நம்பரோட தெரியும். அதான் கேக்கேன்.”

“அப்படில்லாம் இல்லக்கா. பொதுவா ஒரு வெடி.”

“பொதுவாவா? பொதுவா வெடிக்கதுக்கு அது என்ன தீவாளியா?”

நான் கலையைப் பற்றி ஏதோ சொன்னேன். டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாள்.

அக்காவுக்குப் பிடிக்காதது அண்ணாச்சிக்குப் பிடித்துவிட்டது. அண்ணாச்சி சிவகாசி ரோட்டில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிறவர், புதிதாக ஏசி போட்ட மண்டபம் ஒன்று கட்டியிருந்தார். யாரோ காட்டிய வீடியோவில் என்னைப் பார்த்துவிட்டு ஜெர்மனிக்கே போன் செய்தார். மண்டபத்தில் முதல் நிகழ்ச்சி என்னுடையதாம், எனக்குப் பாராட்டு விழாவும் சேர்த்தாம்.

“தம்பி, அந்தக் கடைசி அடி வருதுல்லா? அந்நேரம் வெளிய நம்ம சரம் ஒண்ணக் கொளுத்திருவோம். உள்ள நீங்க, வெளிய நாங்க. எப்படி?”

“பிரமாதம் அண்ணாச்சி. நான் ரெண்டு கையையும் தூக்கினா அடுத்தது அதுதான்” என்று நானே குறிப்பும் சொல்லிக்கொடுத்தேன். பாராட்டு விழா என்ற சொல்லுக்கு அப்படி ஒரு மயக்கம் உண்டு, அதற்கு மருந்து எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

தீபாவளி சீசன் உச்சத்தில் வந்து இறங்கினேன். பஸ் ஸ்டாண்டு எதிரில் என் படம் போட்ட ஃப்ளெக்ஸ். எந்தப் பழைய படத்தைப் பிடித்தார்களோ, தலையில் முடி இருந்தது. தோளுக்குப் பின்னால் ராக்கெட் ஒன்று சீறிக்கொண்டிருந்தது. நான் பற்ற வைத்துவிட்டு ஓடி வருகிற மாதிரி இருந்தது.

வீட்டில் தோசை ஊற்றிக்கொண்டே அக்கா சொன்னாள்: “சித்தியும் வாராக. அண்ணாச்சி கம்பெனிலதான குழாய் உருட்டுறாக. அரைநாள் லீவு குடுத்து எல்லாரையும் வேன்ல ஏத்திட்டு வாராங்களாம், கைதட்ட ஆள் வேணுமே. அந்தக் கடைசிய அவுக முன்னால வாசிக்காதலே. வேற ஒண்ணும் நான் கேக்கல.”

“வாசிக்க மாட்டேன்” என்றேன். அதை மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

மறுநாள் அண்ணாச்சியிடம் போனேன். அவரிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம். உங்கள் கம்பெனிப் பெண்கள் முன்னால் வெடிச் சத்தம் வேண்டாம், அதில் ஒருவருக்கு நான் ஏற்கெனவே ஒரு வெடியைத் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். அவ்வளவுதான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் போனேன். அவர் இளநீர் வெட்டச் சொன்னார், பக்கத்தில் உட்காரவைத்தார், “நம்ம ஊரு மண்ணு எங்க போய் எம்புட்டுப் பேரு வாங்கிருக்கு” என்று வந்தவர்களிடம் எல்லாம் காட்டினார். என் வாயில் இளநீர் இருந்தது.

“சரம் மட்டும் வேண்டாம் அண்ணாச்சி. படபடன்னு வெடிச்சா இசையோட சுருதி கெட்டுப்போகும்” என்றேன்.

“அப்படிங்கீகளா?” அண்ணாச்சி ஆழ்ந்து யோசித்தார். “அதுவும் சரிதான். பாத்துக்கிடுவோம் தம்பி.”

எங்கள் பக்கத்தில் ‘பாத்துக்கிடுவோம்’ என்றால் என்ன அர்த்தம் என்று பிறந்த குழந்தைக்குத் தெரியும். வெளிநாட்டில் அதிக வருடம் இருந்தால் இதெல்லாம் மறந்துபோகும் என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பேன். மறக்கவில்லை.

சனிக்கிழமை நாலு மணிக்கு விழா. பியானோ மதுரையிலிருந்து லாரியில் வந்திருந்தது, அதன் மேல் பிளாஸ்டிக் ரோஜா. முன்னால் சோபா வரிசை, பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வேனில் வந்த பெண்கள். சிலர் கையில் அலுமினியப் பொடியின் வெள்ளிநிறம் முழுக்கப் போகவில்லை. சித்தி கடைசிக்கு முந்தின வரிசையில் இருந்தார். அறுபதை நெருங்கியிருப்பார். என்னைப் பார்த்துச் சிரித்தார். என் கழுத்தில் ஆள் உயர மாலையைப் போட்டார்கள், அதைக் கழற்ற விடவில்லை, வீடியோவுக்கு நன்றாக இருக்குமாம். நான் முதன்முறையாகச் செவ்வந்திப் பூ வாசத்தில் மூச்சுத்திணறிக்கொண்டு வாசித்தேன்.

பதினேழு நிமிடத்தையும் ஒழுங்காக வாசித்தேன். குழாய் உருட்டுகிற இடத்தில் பின்வரிசையில் இரண்டு மூன்று தலைகள் ஆடின. அடையாளம் தெரிந்துவிட்டது அவர்களுக்கு. எந்த ஊரிலும் கிடைக்காதது அது. அதற்கப்புறம், யோசித்து வைத்திருந்தபடி, கடைசி அடிக்குப் பதிலாக ஒரே ஒரு மெல்லிய சுரத்தைத் தொட்டு, அது அடங்கும் வரை காத்திருந்து, இரண்டு கையையும் கட்டைகளிலிருந்து மேலே எடுத்தேன். அக்காவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று அந்த ஒரு நொடி எனக்கு என் மேலேயே மரியாதை வந்தது.

ஓரத்தில் நின்றவன் வாக்கிடாக்கியில் ஏதோ சொன்னான்.

டொம்.

மண்டபத்துக்குப் பின்னால். கண்ணாடி அதிர்ந்தது, பியானோ மேலிருந்த ரோஜா விழுந்தது. சோபாக்கள் கைதட்டின. பின்வரிசைகள் எழுந்து நின்றன.

யாரும் கத்தவில்லை. அதைத்தான் சொல்ல வேண்டும். நூறு பேர் இருப்பார்கள், ஒருவரை ஒருவர் தள்ளாமல், செருப்பைத் தேடாமல், போனைக் கையில் எடுத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தார்கள். வெளியே போய் மேற்கே பார்ப்பார்கள், அப்புறம் தெற்கே. சனிக்கிழமை, சீசன், எல்லாக் கம்பெனியிலும் வேலை நடக்கிற நேரம். இவர்களுக்குத்தான் அரைநாள் லீவு. இவர்கள் வீட்டு ஆட்களுக்கு இல்லை.

அண்ணாச்சி மேடைக்கு வந்து என் தோளில் தட்டினார். முகமெல்லாம் சந்தோஷம்.

“சரம் வேண்டாம்னீகல்லா? அதான் ஒத்த வெடி. நம்ம வெடி மாஸ்டர்ட்ட சொல்லி, சுருதி கெடாம, ஒரே அடியா.”

சரம் என்றால் எங்கள் ஊரில் எல்லாருக்கும் அது கல்யாணம், கோயில், கட்சிக்காரன் வருகிறான் என்று தெரிந்திருக்கும். ஒருத்தரும் தலையைத் திருப்பியிருக்க மாட்டார்கள். ஒற்றையாக டொம் என்றால் ஒரே அர்த்தம்தான். சரத்தை வேண்டாம் என்று சொல்லி, காரணத்தை மாற்றிச் சொல்லி, இந்த ஒற்றை வெடியை நானே ஆர்டர் கொடுத்துச் செய்யவைத்திருக்கிறேன். அந்த மனிதர் பாவம், என் இசைக்காக மெனக்கெட்டிருக்கிறார். அவர் கன்னத்தில் அறைய வேண்டும் போல எனக்கு வெறி வந்தது. அறைந்திருந்தால் அது விலாசம் மாறிப்போன அறையாக இருந்திருக்கும்.

சித்தி மேடைக்குக் கீழே வந்து நின்றார்.

“ஏலே, குவாரியா, நம்மளா?”

“ரெண்டும் இல்ல சித்தி. விழாவுக்கு வச்சது. எனக்காக வச்சது.”

என் முகத்தையே பார்த்தார். போன தடவையும் நான் இதே நிச்சயத்தோடுதான் சொன்னேன். போனை எடுத்து மகளுக்குப் போட்டார். அன்றைய கைப்பிள்ளைதான், இப்போது ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கம்பெனியில் திரி வேலை. மணி போய்க்கொண்டே இருந்தது. போகத்தான் செய்யும். உள்ளே போனைக் கொண்டுபோக விட மாட்டார்கள், வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். இது எனக்குத் தெரியும், சித்திக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மறுபடி போட்டார்.

“வாங்க சித்தி, போய்ப் பாத்திருவோம்” என்றேன்.

வெளியே அண்ணாச்சியின் கார் டிரைவரோடு நின்றது. ஏறி உட்கார்ந்து ஏழாயிரம்பண்ணை என்றேன். கழுத்தில் மாலை இருந்ததால் அவர் கேள்வி கேட்கவில்லை. பாதி வழியில் அண்ணாச்சி கூப்பிட்டார்.

“எங்கன இருக்கீக தம்பி? பொன்னாட போத்தணும்.”

இருபத்திரண்டு வருடமாக நான் ஊர்த் தமிழில் சண்டை போட்டதில்லை. துருப்பிடித்திருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

“உங்க பொன்னாடைய நீங்களே போத்திக்கிடுங்க அண்ணாச்சி. அங்கன பொம்பளைங்க எந்திரிச்சதப் பாத்தீகளா, இல்ல கைதட்டுறதுல மும்முரமா இருந்தீகளா? உங்க கம்பெனி ஆளுகதான அம்புட்டுப் பேரும்? நீங்க ஒத்த வெடி வச்சா அவுகளுக்கு என்ன தோணும்னு உங்களுக்குத் தெரியாதா?”

அண்ணாச்சி உண்மையாகவே புரியாத குரலில் கேட்டார்: “நீங்க சுருதின்னுதான தம்பி சொன்னீக?”

போனை வைத்துவிட்டேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு வண்டியை வேகமாக விட்டார்.

கம்பெனி வாசலில் காவல்காரர் மாலையைப் பார்த்து எழுந்து வணக்கம் சொன்னார். சித்தி விஷயத்தைச் சொல்ல, ஆள் அனுப்பினார். ஐந்து நிமிடம் இருக்கும். வெறுங்காலோடு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சித்தியின் மகள் வேப்பமரங்களுக்கு நடுவில் நடந்து வந்தாள். விரலெல்லாம் கருமருந்து.

“என்னம்மா? வேலையப் போட்டுட்டு வந்திருக்கேன்.”

“ஒண்ணுமில்ல. சத்தம் கேட்டுச்சு.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே.” அப்புறம் என்னைப் பார்த்தாள். “அண்ணன் யாரு, கல்யாண மாப்பிள்ளையா?”

சித்தி சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். மகள் போன பிறகு சித்தி வாசல் கல்லில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வரும்போது வண்டியில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நீ அன்னைக்குக் குவாரின்னு சொன்னதுல எனக்குக் கோவமில்லலே. சின்னப்பய. யாருக்குத்தான் தெரியும்.”

ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமலே தொடர்ந்தார்.

“உங்க வீட்டுல சைக்கிள் நின்னுச்சு. இன்னைக்கு மாதிரி, வாங்க சித்தி போய்ப் பாத்திருவோம்னு சொல்லிருக்கலாம். மூணு மைலு. உசுரோட பாத்திருப்பேன்.”

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக எடுத்து எடுத்துப் பார்த்துத் தேய்ந்துபோன குரலில் சொன்னார். மாலையை அப்போதுதான் கழற்றினேன்.

அடுத்த மாதம் அந்தப் பதினெட்டு நிமிடத்தை ஒரு பெரிய ஊரில் வாசிப்பதாக இருந்தது. இனி வாசிப்பதில்லை, யாருக்கும் கொடுப்பதும் இல்லை என்று நிகழ்ச்சிக்காரர்களுக்கு எழுதினேன். இசை சார்ந்த காரணமா என்று கேட்டுப் பதில் வந்தது. பழக்கதோஷத்தில் ஆமாம் என்று ஆரம்பித்து, கடைசிப் பகுதியின் சமநிலையைப் பற்றி அரைப் பக்கம் அடித்துவிட்டேன். நன்றாக எழுதியிருந்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அந்தப் பதிலைப் பன்னிரண்டு மணி காட்டிய சுவர்க் கடிகாரத்திலிருந்து மறுபடி எழுதத் தொடங்கினேன்.